ஊசிமுனையில் மூட்டைப்பூச்சி

தையல்காரிக்குக் கோபம் வந்தால் கத்த வராது. நாள் முழுக்கக் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை பார்க்கிறவளுக்கு வாயைத் திறப்பதென்றால் ஒரு யோசனை. கோபமெல்லாம் கைக்கு இறங்கிவிடும். அன்றைக்குக் கத்தரி இன்னும் நேராக ஓடும், தையல் இன்னும் பொடியாக விழும். அவள் எடுத்த பொத்தான் காஜாவைப் பார்த்தே வீட்டு நிலவரத்தைத் தெரிந்துகொள்வான் அவள் கணவன்.

மூட்டைப்பூச்சி விவகாரத்தில் வந்த கோபம் மட்டும் கத்தரிக்கு அடங்கவில்லை.

அந்தக் கட்டடத்துக்கு மூன்று தளம், ஒரே படிக்கட்டு. கீழே வீட்டுக்காரம்மா, அவள் மகன், புதிதாக வந்த மருமகள். நடுவில் தையல்காரியும் கணவனும். மேலே வங்கியில் வேலை பார்க்கும் ஒருத்தியின் குடும்பமும் இன்னும் இரண்டு குடித்தனங்களும். யார் எங்கே போனாலும் அந்தப் படியில்தான் போக வேண்டும். அதனால் வீட்டுக்காரம்மாவுக்கு எதையாவது ஊருக்குச் சொல்ல வேண்டுமென்றால் படியின் திருப்பத்தில் வந்து நின்றுகொண்டால் போதும்.

எல்லாரும் வேலைக்குக் கிளம்பும் நேரமாகப் பார்த்து ஒருநாள் வந்து நின்றாள். சாயம் பூசிய செம்பு நிறத் தலை, கையில் மடித்த காகிதம். பிரித்துக் காட்டினாள். நசுங்கிய பூச்சி ஒன்று, பக்கத்தில் ரத்தப் பொட்டு.

“நான் யார் பேரையும் சொல்லலம்மா. ஊர்ல உள்ள போட்ட துணி போடாத துணியெல்லாம் எந்த வீட்டுல வந்து குவியுதோ அங்கேருந்து வந்திருக்கு. பட்டம் வாங்கின பொண்ணாச்சே, சுத்தமா இருக்கும்னு நம்பித்தான் குடி வச்சேன்.”

வங்கிக்காரி கைப்பையை மாரோடு அணைத்துக்கொண்டாள். “ஐயையோ, என் ஜாக்கெட்டும் அங்கதானே கிடக்கு. தையலோட இது கொசுறா?”

படி முழுக்கச் சிரித்தது.

தையல்காரி கதவுக்கு உள்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து இல்லையென்று சொல்லியிருப்பாள். ஆனால் அவள் கட்டில் மூலையிலும் பூச்சி இருந்தது. கொஞ்ச நாளாகவே கொதிக்கும் நீரை ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். இருப்பதை இல்லையென்று சொல்லத் தெரியாத வாய் அது.

சாயங்காலத்துக்குள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். “அவசரமில்லக்கா, அப்புறம் தைச்சுக்கலாம்” என்று சொல்லி, வெட்டிப் போட்டிருந்த துணியைக்கூட விடாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு, பையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த இரண்டு விரலை அவள் மறக்கவில்லை.

அவள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இயற்பியல் பட்டம். படித்த படிப்புக்கு வேலை அமையவில்லை, பள்ளிக்கூட நாளில் பொழுதுபோக்காகப் பழகிய தையல் கைகொடுத்தது. அதில் அவளுக்கு வெட்கம் கிடையாது. பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு மெஷினுக்கு நேர் மேலே மாட்டியிருந்தாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அது கண்ணுக்கு நேராகத் தெரியும். தெரியட்டும் என்றுதான் அங்கே மாட்டியது. இப்போது அந்தப் பட்டத்தையும் சேர்த்துப் படியில் வைத்து மிதித்துவிட்டாள் வீட்டுக்காரம்மா.

கணவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமுக்குத் தகுந்தபடி கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்துகிறவன். எதையும் தேய்த்துத் தேய்த்தே சரிசெய்துவிடலாம் என்பது அவன் கட்சி.

“விடு. ரெண்டு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க.”

“மறக்கட்டும். நான் மறக்கணுமே.”

“மூட்டைப்பூச்சிக்கு முகவரியா எழுதி ஒட்டியிருக்கு? எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

அவள் அப்படியே நிமிர்ந்தாள். “முகவரி இருக்குமோ என்னமோ. யாராவது கிட்டப் போய்ப் பாத்திருக்காங்களா?”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான். மறுநாள் கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொன்னபோதுதான் அவனுக்குப் பயம் வந்தது.

கட்டில் மூலையில் பிடித்த பூச்சியை மாத்திரைக் குப்பியில் அடைத்து, ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துச் சாகடித்தாள். பால் எடுக்கப் போன கணவன் கதவைத் திறந்ததும் அப்படியே மூடிவிட்டுக் கறுப்புக் காப்பி குடித்தான்.

பூதக்கண்ணாடியைப் போனின் முன் பிடித்துப் படமெடுத்தாள். பூச்சி காப்பிக் கறை மாதிரி விழுந்தது, கறையைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாக ஓரம். இணையத்தில் தேடினாள். பழைய சிடி பிளேயருக்குள் மிளகு அளவில் ஒரு கண்ணாடிக் கண் இருக்கும், அதைப் போன் கேமரா மேல் ஒட்டினால் எறும்பின் மீசைகூடத் தெரியும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். வீட்டில் பாடாமல் கிடந்த பிளேயரின் வயிற்றைத் திறந்து அந்தக் கண்ணைப் பிடுங்கினாள். கறுப்பு டேப்பில் ஓட்டை போட்டு அதைப் பதித்து, போனில் ஒட்டினாள்.

பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் நிற்கவில்லை. கை மூச்சு விடும் அளவுக்கு அசைந்தாலும் பூச்சி தெருக்கோடிக்குப் போய்விட்டது. தெளிவாகத் தெரியும் இடம் நூலிழை அகலம்தான். அதற்கு முன்னே மங்கல், பின்னே மங்கல். நூல்பெட்டிகளை அடுக்கிப் பார்த்தாள், புத்தகங்களைச் செருகிப் பார்த்தாள், ஒரு காகிதம் கூட, ஒரு காகிதம் குறைய. தெருவில் பேருந்து போனால் எல்லாம் ஆட்டம் கண்டது.

சலித்துப்போய் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தைக்கத் துணியில்லை. சும்மா சக்கரத்தை உருட்டினாள். ஊசி இறங்கியது, ஏறியது. கொஞ்சமாக உருட்டினாள். கொஞ்சமாக ஏறியது. கல்லூரி ஆய்வகத்தில் நகரும் நுண்ணோக்கி ஒன்று இருந்தது. திருகை மயிரிழை திருப்பினால் குழலும் மயிரிழை நகரும். பேராசிரியர் யாரையும் கிட்ட விடாமல் அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டியே வைத்திருப்பார். தன் வீட்டில், தன் காலடியில், அதே வேலையைச் செய்யும் சாமான் ஒன்று இத்தனை நாளாக எண்ணெய் குடித்துக்கொண்டு நின்றிருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மிதிகட்டையின் தோல்வாரைக் கழற்றினாள். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றினாள். முனை ஒடிந்த ஊசி ஒன்றை மாட்டி, அந்த ஒடிந்த முனையில் பசைத்துளி வைத்து, பூச்சியைத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். கீழே மெஷின் தட்டில் போனை மல்லாக்கப் படுக்க வைத்து, செல்ஃபி எடுக்கும் முன்பக்கக் கேமராவில் அந்தக் கண்ணை ஒட்டினாள். பக்கவாட்டில் மேசை விளக்கு. வெளிச்சம் சுள்ளென்று அடிக்காமலிருக்க, அளவு வரையும் வெண்ணெய்த்தாளைச் சுருட்டிப் பூச்சியைச் சுற்றிக் கூடாரம் போட்டாள். பிறகு சக்கரத்தை விரல்நுனியால் தொட்டாள்.

திரையில் மூட்டம் கலைந்து ஒரு கால் வந்தது. அப்புறம் வயிற்று மடிப்பு. அப்புறம் முகம்.

கன்னம் இல்லாத முகம். இரண்டு பக்கமும் நாவல்பழ நிறத்தில் பிதுங்கிய கண்கள். முகவாய்க்குக் கீழே மடித்து வைத்த கூர்மூக்கு. சாதுவாகத் தலையைக் குனிந்துகொண்டு, குத்துகிற சாமானை உள்ளே ஒளித்து வைத்திருக்கும் அந்தத் தோரணையை இதற்கு முன் படிக்கட்டில் பார்த்திருக்கிறாள்.

“மூட்டைப்பூச்சிக்கு செல்ஃபி எடுத்த முதல் ஆள் நீதான்” என்றான் கணவன்.

“நடந்தா வீடு அதிருது. உட்காருங்க.”

ஒரு படத்தில் முழுப் பூச்சியும் தெளியாது என்பதால் சக்கரத்தைத் துளித்துளியாக நகர்த்தி வரிசையாக எடுத்தாள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துத் தெளிந்த இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆப் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. சேர்ந்து வந்த படத்தில், பின்னங்காலின் கொக்கியில், ஏதோ ஒன்று மாட்டியிருந்தது. அரக்குச் சிவப்பில் ஓர் இழை.

அவள் கட்டில் விரிப்பு வெள்ளை. தலையணை உறை வெள்ளை. அரக்குச் சிவப்பு அந்த வீட்டிலேயே கிடையாது.

எல்லாத் தையல்காரர்களையும் போல அவளும் வெட்டுத்துணியைத் தூக்கிப் போடுவதில்லை. ஒட்டுப்போட உதவும் என்று மூட்டை கட்டி வைத்திருந்தாள். மூட்டையைக் கொட்டிக் கிளறினாள். நீளம் குறைத்துத் தரச்சொல்லி வந்த ஒரு பருத்திக் கவுனின் கீழ்விளிம்பு அகப்பட்டது. அரக்குச் சிவப்பு. ஓர் இழையைப் பிரித்து ஊசியில் ஒட்டி, சக்கரத்தைத் தொட்டாள். அதே முறுக்கு, சாயம் வெளுத்த அதே ஓரம்.

கவுன் யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்காரம்மாவின் மருமகளுடையது.

பூச்சி மேலிருந்து கீழே போகவில்லை. கீழிருந்து மேலே வந்திருக்கிறது, துணியில் உட்கார்ந்துகொண்டு, ராணி மாதிரி. தையல்காரி நாற்காலியில் சாய்ந்தாள். படிக்கட்டு போய்விடாது. படத்தைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் கவுன் துண்டைக் குத்தி, அதே திருப்பத்தில், அதே காலை நேரத்தில் ஒட்ட வேண்டும். வங்கிக்காரி எந்தப் படியில் நின்று சிரித்தாளோ அந்தப் படியில் அவளை நிறுத்தி வாசிக்கச் சொல்ல வேண்டும்.

படத்தை அச்சடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவளின் கதவைத் தட்டியதே அந்த மருமகள்தான். மாமியார் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து மொட்டைமாடிக்குத் துணி காயப்போட வந்தவள், வழியில் நின்றாள்.

“அக்கா, அன்னைக்கு அவங்க பேசினதுக்கு நான் மன்னிப்பு…” என்று ஆரம்பித்தவள் போன் திரையைப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனாள். பிறகு மறுபடி கிட்ட வந்தாள். “இந்த நூலு என் கவுன் மாதிரி இருக்கே.”

“மாதிரி இல்ல. உன் கவுன்தான். நாளைக்குப் படியில ஒட்டப் போறேன்.”

மருமகள் துணிக்கூடையைக் கீழே வைத்தாள். “ஒட்டாதீங்கக்கா. அவங்க மேல ஒரு தூசு விழாது. இவ பெட்டியில வந்தது, இவ அம்மா வீட்டு மெத்தையில வந்ததுன்னு என்னைத்தான் சொல்வாங்க. நான் வர்றதுக்கு முன்னாடியே அங்க பூச்சி. சுவத்து ஓட்டையெல்லாம் சோப்பு வச்சு அடைச்சு வச்சிருந்தாங்க. வெளிய மூச்சு விட்டா நாக்கை அறுப்பேன்னு சொன்னாங்க.”

தையல்காரியின் விரல் திரையிலேயே நின்றது. வீட்டுக்காரம்மா அறியாமல் பேசியிருந்தால் வாய்த்துடுக்கு. தெரிந்தே, தன் வீட்டு நாற்றத்தை மறைக்க மாடிவீட்டுக் கதவில் பூசியிருக்கிறாள். இதுவரை இருந்தது கோபம். இப்போது வந்ததற்கு அவளிடம் பெயர் இல்லை. ஆனால் குறி பார்த்த துப்பாக்கியின் வாய் இந்தப் பெண்ணின் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. இழையைக் காட்டினால் தப்பிப்பவள் மாமியார், மாட்டுகிறவள் மருமகள்.

“சரி, ஒட்டல” என்றாள். சொல்லும்போது பல் கடிபட்டது.

மருமகள் போகவில்லை. கூடையில் இருந்த ஈரத்துணியை முறுக்கிக்கொண்டே நின்றாள். “அக்கா, அவங்களுக்குன்னே ஒரு சாய்வு நாற்காலி இருக்கு. வேற யாரும் உட்காரக் கூடாது. தலை வைக்கிற இடத்துல தையல் விட்டு ஓட்டை. ராத்திரியெல்லாம் சொறிஞ்சுக்கிட்டே அதுலதான் கிடப்பாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “நல்லா ஒட்டுற டேப் ஏதாவது வச்சிருக்கீங்களா?”

தையல்காரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். சாது மாதிரி இருந்த அந்த முகத்திலும் எதையோ மடித்து வைத்திருந்தது தெரிந்தது. டேப் சுருளை எடுத்துக் கொடுத்தாள்.

டேப் மறுநாளே துணிக்கூடையில் ஈரச் சட்டைக்கு அடியில் வந்தது. நாற்காலியின் ஓட்டையில் அழுத்தி எடுத்தது. பூச்சி மூன்று கால் டேப்பிலும் மூன்று கால் வெளியிலுமாகக் கிடந்தது. சுற்றி அரிசிக் குறுணை போல முட்டைகள். இந்தத் தடவை பசை தேவைப்படவில்லை. டேப்போடு கத்தரித்து ஊசியில் சுற்றினாள். விளக்கைத் தாழ்த்தினாள். வெண்ணெய்த்தாள் ஒரு சுற்று போதவில்லை, இன்னொரு சுற்று சேர்த்தாள். சக்கரம் நகர்ந்தது.

பூச்சி ஒரு தலைமுடியைக் கட்டிக்கொண்டு கிடந்தது. கயிறேறுகிறவன் கயிற்றைப் பிடிப்பது போல, முன்னங்கால் கொக்கி இரண்டும் முடியை வளைத்திருந்தன. முடி திரையின் இந்த முனையில் வெள்ளி வெள்ளையாகத் தொடங்கி, நடுவில் சட்டென்று செம்பு நிறமாக மாறியது. சாயம் ஏறிய இடமும் ஏறாத இடமும் கோடு கிழித்தாற்போலத் தெரிந்தன.

செம்பு நிறத் தலை அந்தக் கட்டடத்தில் ஒன்றுதான். அந்தத் தெருவிலேயே ஒன்றுதான்.

தையல்காரி அன்றைக்கு மத்தியானம் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

பேனர் கடைக்காரன் திரையைப் பார்த்து முகம் சுளித்தான். “என்னக்கா இது, நண்டா? கீழ பேரு ஏதாவது போடணுமா?”

“பேரு வேண்டாம். ஒரு வரி போடுங்க.”

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய கூட்டம் படித்திருப்பத்தில் நகராமல் நின்றது. கதவு அகலத்துக்கு ஒரு மூட்டைப்பூச்சி. ஒவ்வொரு கால்மயிரும் தெரிந்தது. அது கட்டியணைத்திருந்த முடி கைவிரல் தடிமனில் வெள்ளையும் செம்புமாக ஓடியது. கீழே பெரிய எழுத்தில்: இந்த முடியைத் தொலைத்தவர் நடுத்தளத்தில் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்.

வங்கிக்காரிதான் கிட்டப்போய்ப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கீழ்வீட்டுக் கதவைப் பார்த்தாள். பிறகு கைப்பையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு இந்தத் தடவை கீழ்நோக்கி இறங்கிப் போயிற்று.

வீட்டுக்காரம்மா வந்து கிழித்துப்போட்டாள். அடுத்த நாள் காலை அதே இடத்தில் முட்டைகளின் படம், முன்னதைவிடப் பெரிது, அதே முடி நடுவில். அதையும் கிழித்தாள். அதற்கடுத்த நாள் முகம் மட்டும். மேல் தளத்துக் குடித்தனங்கள் இப்போது கிளம்பும்போதே, “இன்னைக்கு என்ன படம்?” என்று கேட்டுக்கொண்டு இறங்கின.

கடைசியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரம்மாவே மேலே வந்தாள். தையல்காரி மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

“யாரு குடுத்தா உனக்கு?”

“பூச்சிதானேம்மா. படியேறத் தெரியாதா அதுக்கு?”

“வீட்டைக் காலி பண்ணு.”

“தாராளமா. அடுத்து வீடு பாக்க வர்றவங்களுக்கு எல்லாப் படத்தையும் காட்டிட்டுப் போறேன். மீசை வரைக்கும் இருக்கு.”

வீட்டுக்காரம்மாவின் கண் மெஷினையும், ஊசியில் தொங்கிய எதையோவும், அதற்கு மேலே சட்டத்துக்குள் இருந்த பட்டத்தையும் சுற்றி வந்தது. குரல் இறங்கியது. “இதோ பாருமா, வயசுல பெரியவ நான். கட்டடம் முழுக்க மருந்து அடிச்சுடறேன், உன் வீட்டுக்கும் சேர்த்து. நமக்குள்ள முடிச்சுக்குவோம்.”

“மருந்தை அடிங்க. ஆனா நமக்குள்ள எதுவும் நடக்கலியேம்மா. படியில நின்னு சொன்னீங்க. படியில நின்னே மாத்திச் சொல்லுங்க.”

“முடியாதுன்னா?”

தையல்காரி சக்கரத்தைத் தொட்டாள். போன் திரையில் ஏதோ தெளிந்தது. “இது உங்க முடியோட நுனி. ரெண்டா பிளந்திருக்கு பாருங்க. நாளைக்கு இதுதான்.”

பக்கத்தில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த கணவன், “போதும்மா” என்றான் மெதுவாக. யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. இருவருமே அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் படித்திருப்பத்தில் படம் இல்லை. படம் பார்க்க இறங்கியவர்கள் ஏமாந்து நின்ற நேரத்தில் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா நாலு படி ஏறி வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் மருமகள் காய்கறிப் பையோடு நின்றாள், பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு. அவள் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

“பூச்சி எங்க வீட்டுலேருந்துதான் போயிருக்கு” என்றாள் வீட்டுக்காரம்மா, கைப்பிடியைப் பார்த்து. “அந்தப் பொண்ணை நான் சொன்னது தப்பு.”

யாரும் சிரிக்கவில்லை. வங்கிக்காரி செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள்.

தையல்காரி தன் கதவைத் திறந்து வெளியே வந்தாள். உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டை நுனியில் குத்திக்கொண்டாள். அவசரமே இல்லை. பிறகு கைப்பிடி மேல் சாய்ந்து மேல் தளத்தை ஒரு தடவை பார்த்தாள், கீழே ஒரு தடவை பார்த்தாள்.

“மாடியில கேக்கலையாம்மா” என்றாள். “இன்னொரு தடவை.”